ரெனேவுக்கு நான் வாங்கச் சொன்ன கார்

ஒருமுறை கம்பெனிக்கே திரும்பிப் போன காரை வாங்குவது முட்டாள்தனம் என்று நான் நினைக்கவில்லை. இன்றைக்கும் அப்படித்தான். புதுக் காரில் ஒரு கோளாறு, பட்டறையில் பலமுறை பார்த்தும் சரியாகவில்லை என்றால், தயாரித்த கம்பெனியே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த மாதிரிக் காரை இந்தப் பக்கம் எலுமிச்சை என்று கேலி செய்வோம். கம்பெனி அதைப் பழுது பார்த்து, இன்ன காரணத்துக்காகத் திரும்பி வந்தது என்று சொல்லி, விலையைக் குறைத்து மறுபடி விற்கும். ஒரு வருட உத்தரவாதமும் கொடுக்கும். மற்றப் பழைய கார்களில் என்ன கோளாறு ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இதில் தெரியும். நிதானமாக யோசிப்பவர்களுக்கு இது நல்ல பேரம்தான்.

நீங்கள் முதலில் காரைப் பற்றிக் கேட்டதால் அதிலிருந்தே ஆரம்பித்தேன், டெபுடி. இந்தக் காபி பரவாயில்லை. ஷெரீஃப் ஆபீஸ் காபி வாயில் வைக்க முடியாது என்று ஊரில் சொல்வார்கள். வீண் பேச்சு.

ரெனே என் தங்கை. அவள் பிறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா அடிக்கடி நோயில் படுத்துவிடுவாள் என்பதால் அவளுக்குப் பால் கலக்கியது, ஜடை போட்டது, பள்ளிக்கூட பஸ் வரும்வரை பனியில் பக்கத்தில் நின்றது எல்லாம் நான்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இங்கேயே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ரெனே ஃபார்கோவுக்குப் போனாள், ஒருவனைக் கட்டினாள், விவாகரத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வந்தாள். பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை கிடைத்தது. மாலையில் வந்து சமையலறையில் உட்கார்ந்து அன்றைக்கு யார் யாருக்குப் பல் பிடுங்கினார்கள் என்று நடித்துக் காட்டுவாள். நான் இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு ஹாட்டிஷ் செய்து அடுப்பில் வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பேன். எங்களுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்படவில்லை.

அவளுடைய பழைய கார் செத்துப்போன வருடம் நான்தான் என் பிக்கப்பில் அவளை எல்லா இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போனேன். மளிகைக்கு, சர்ச்சுக்கு, சீட்டாட்டத்துக்கு. அந்தச் சீட்டாட்டத்தில்தான் டுவேன் ஸ்காரைப் பார்த்தாள். மனைவியை இழந்தவர். வடக்கே கனடா எல்லைப் பக்கம் மாடு வளர்க்கிறார். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் வேறு மாதிரிச் சொல்லமாட்டேன்.

சனிக்கிழமைகளில் அவர் பண்ணைக்குப் போக அவளுக்கு ஒரு கார் வேண்டியிருந்தது. மைனாட்டில் ஒரு விற்பனைக் கூடத்தில் அந்த நீலக் காரைப் பார்த்துவிட்டு வந்தாள். விற்பனைக்காரன் கர்ட் நேர்மையான பையன். இது எலுமிச்சையாகத் திரும்பி வந்த கார், ஓடும்போது எஞ்சின் நின்றது, ஒயர்களை மாற்றிவிட்டார்கள் என்று அவனே சொல்லிவிட்டான். வேறு எந்தக் காரும் அவள் கைக்கு எட்டும் விலையில் இல்லை. சாப்பாட்டு மேஜையில் என்னைக் கேட்டாள்.

"வோனி, நீ சொல்லு. வாங்கட்டுமா, வேண்டாமா? எலுமிச்சையப் பிழிஞ்சு குடிக்கலாம், ஏறி ஓட்ட முடியாதுங்கறாரு டுவேன்."

"மாட்டுக்காரருக்குக் காரப் பத்தி என்ன தெரியும்?"

"பொறாமை உனக்கு." சிரித்தாள். "சரி, நீ விசாரிச்சுச் சொல்லு. நீ சரின்னா நான் கண்ண மூடிட்டு வாங்கறேன்."

விசாரித்தேன். இந்தப் பக்கம் யார் எந்தக் காரை ஓட்டினார்கள் என்று கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. சர்ச்சில் இரண்டு பேரைக் கேட்டால் போதும். அந்தக் காரை முதலில் வைத்திருந்தது டாக்டர் வாங்லர், கால்நடை வைத்தியம் பார்க்கிற அம்மா. ஒரு டப்பாவில் சாக்லேட் பார் எடுத்துக்கொண்டு அவருடைய ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேஜையில் ஒரு பூனையைப் பிடித்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்களா வாங்கப் போறீங்க?" என்று கேட்டார்.

"என் தங்கச்சி."

"எங்க ஓட்டுவாங்க?"

"வடக்க. எல்லைப் பக்கம்."

அவர் கத்தரியைக் கீழே வைத்தார். "வேண்டாம்னு சொல்லிடுங்க. ஊருக்குள்ள எத்தன வருஷம் ஓட்டினாலும் ஒண்ணும் ஆகாது. கடுங்குளிர்ல நெடுஞ்சாலையில ரொம்ப தூரம் போனா எல்லாம் செத்துரும். எஞ்சின், விளக்கு, ஹீட்டர், எல்லாம். இழுத்துட்டு வந்து சூடான கொட்டகையில வெச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். அதான் பட்டறைல எவனும் நம்பல. இப்ப என்னத்த மாத்தினாங்களோ, எனக்கு நம்பிக்கை இல்ல." இடது கையை நீட்டிக் காட்டினார். இரண்டு விரல்களின் நுனி மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. "இந்த ரெண்டுலயும் இன்னும் உணர்ச்சி வரல. பூனை கடிச்சாக்கூடத் தெரியாது."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பிக்கப்பில் ஏறி உட்கார்ந்து, உடனே கிளம்பாமல் கொஞ்ச நேரம் யோசித்தேன். நான் எதையும் அவசரத்தில் செய்பவள் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ரெனே கேட்டாள். "என்ன சொன்னாங்க டாக்டரம்மா?"

"நல்லாத்தான் ஓடிச்சாம். ஏதோ ஒயர் மக்கர் பண்ணிச்சாம். அதத்தான் மாத்திட்டாங்களே. வாங்கிக்கோ."

"நிஜமாவா?"

"நான் உங்கிட்ட எப்பவாவது பொய் சொல்லியிருக்கேனா?"

அதுவரை சொன்னதில்லை.

நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள். புரிகிறது. ஆனால் அவள் சாக வேண்டும் என்று நான் அன்றைக்கு நினைக்கவில்லை. அதை நீங்கள் நம்பலாம். கார் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். நின்றால் அவள் என்னைக் கூப்பிடுவாள். நான் போவேன். அவ்வளவுதான் என் கணக்கு.

முதல் குளிர்காலத்தில் அப்படியேதான் நடந்தது. டுவேன் வீட்டுக்குப் போகிற வழியிலோ வருகிற வழியிலோ கார் நிற்கும். ரெனே எனக்குப் போன் செய்வாள். நான் சூப்பைக் குடுவையில் ஊற்றிக்கொண்டு கிளம்புவேன். அவள் நடுங்கிக்கொண்டே என் பிக்கப்பில் ஏறி ஹீட்டர் முன்னால் கையை நீட்டுவாள். "நீ இல்லன்னா நான் ஐஸ்கட்டிதான்டி, வோனி," என்பாள். திரும்பி வரும் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வருவோம், சின்ன வயதில் பேசிய மாதிரி. சில சனிக்கிழமைகளில் அவள் டுவேன் வீட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை. அந்த மாலைகள் என் வாழ்க்கையிலேயே நல்ல மாலைகள்.

உத்தரவாதத்தில் பட்டறைக்குக் கொண்டுபோனாள். ஒன்றும் இல்லை என்று துடைத்துக் கொடுத்தார்கள். நாமும் இதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றாள். ஏற்கெனவே ஒருமுறை திரும்பி வந்ததைத் திருப்பினால் ஊரே சிரிக்கும் என்றேன். டுவேனிடம் சொல்லாதே என்றும் சொன்னேன். அவர் அப்போதே வேண்டாம் என்றவர், குத்திக்காட்டுவார். அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. அவளுக்கு நான் சொல்வது எப்போதும் நியாயமாகப் படும்.

கோடையில் கார் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அந்தக் கோடையில் நான் அவளை அதிகம் பார்க்கவில்லை.

இந்த ஜனவரியில் ஒரு மாலை அவள் கையில் மோதிரத்தோடு வந்தாள். மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஈஸ்டருக்கு அப்புறம் கல்யாணம். அங்கயே போயிடறேன், வோனி. இந்தச் சனியன் புடிச்ச காரையும் தள்ளிவிட்டுடறேன். டுவேன் ஒரு நல்ல பிக்கப் பாத்து வெச்சிருக்காரு. இனிமே நீ சூப்ப தூக்கிட்டு ரோடு ரோடா அலைய வேண்டாம். நிம்மதியா இரு."

சந்தோஷம் என்றேன். அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தேன். பிறகு பாத்திரம் கழுவினேன்.

அவள் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு ஓய்வு கொடுப்பதாகத்தான் அவள் நினைத்தாள். அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை பூஜ்யத்துக்கு முப்பது கீழே போகும் என்று ரேடியோவில் காலையிலேயே சொன்னார்கள். இங்கே குளிர்காலத்தில் காருக்குப் பின்னால் போர்வை, தூக்கப் பை, மெழுகுவர்த்தி, தகரக் குவளை எல்லாம் வைக்காமல் யாரும் வெளியூர் கிளம்பமாட்டார்கள். ரெனே காரில் அதை வைத்தது நான்தான். அன்று காலை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது அதை வெளியே எடுத்தேன். முதலில் உங்களிடம் துவைக்க எடுத்தேன் என்று சொன்னேன். போர்வைகள் அழுக்காக இல்லை.

மதியம் கிளம்பினாள். குளிர் ஏறுகிறதே என்று நானும் சொன்னேன். "இந்தக் கார்ல கடைசித் தடவதானே," என்று கையசைத்தாள்.

போன் வந்தபோது நான் ஜன்னலோரம் இருந்தேன்.

"செத்துருச்சு, வோனி. டுவேன் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னாடிதான். அவரக் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்டி. அவரு மாட்டுக்குத் தீனி போடற நேரம். கார் விஷயமெல்லாம் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாரு. நான் இதோ கிளம்பிட்டேன்."

"பின்னாடி போர்வையைக் காணமே?"

"அங்கதான் இருக்கும். நல்லாத் தேடு."

உண்மையிலேயே பூட்ஸ் போட்டேன். கோட் போட்டேன். சாவியை எடுத்தேன். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தேன்.

என் பிக்கப் மேல் விழுந்த பனி மறுநாள்வரை கலையவில்லை என்று எதிர்வீட்டு ஆர்லன் உங்களிடம் சொன்னாராமே. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

மறுபடி கூப்பிட்டாள். "எங்க இருக்க?"

"தானியக் கிடங்கைத் தாண்டிட்டேன். காத்துல பனி பறக்குது, மெதுவாத்தான் வர முடியும்."

"கால் மரத்துப் போச்சு. இறங்கி அவரு வீட்டுக்கு நடந்துடட்டுமா?"

"கூடவே கூடாது. சின்ன வயசுல என்ன சொல்லிக் குடுத்தேன்? பனியில வண்டிய விட்டு இறங்கவே கூடாது. உள்ளயே இரு."

"சரி," என்றாள். பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நின்றபோது சொல்கிற அதே "சரி".

நான் யோசித்தது இதுதான். கொஞ்ச நேரம் யாரும் வராமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியட்டும். தெரிந்த பிறகு போகலாம். அடுத்த முறை கடிகாரத்தைப் பார்த்தபோது இன்னும் கொஞ்சம் என்று தோன்றியது. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம்தான். அதில் ஒன்றைத் தனியாக எடுத்துப் பார்த்தால் பெரிய குற்றமாகத் தெரியாது.

மூன்றாவது முறை கூப்பிட்டபோது பேச்சு குழறியது. தூக்கத்தில் பேசுகிற குழந்தை மாதிரி.

"வோனி, உன் லைட் தெரியுது."

அங்கே என்ன வெளிச்சம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. நிலாவாக இருக்கலாம்; ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

"ஆமாம்டி," என்றேன். "நான்தான்."

"வந்துட்டியா," என்றாள். அவள் குரலில் பயம் இல்லை. நிம்மதியாக இருந்தாள், அதை நான் காதால் கேட்டேன். அதற்குப் பிறகு போனில் சத்தம் இல்லை. நான் கோட்டைக் கழற்றி மாட்டினேன், பூட்ஸைக் கழற்றிக் கதவோரம் வைத்தேன்.

அன்று இரவு டுவேன் கூப்பிட்டார். எடுக்கவில்லை. அவராகவே தேடிக்கொண்டு போய் அவளைக் கண்டுபிடித்தார். அவர் பண்ணை வாசலிலிருந்து அந்த இடம் பத்து நிமிடத் தூரம்கூட இல்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அவர் இன்னும் யாரிடமும் பேசுவதில்லை என்றும் சொன்னீர்கள். பாவம்.

நான் கொல்லவில்லை என்று உங்களிடம் வாதாட வரவில்லை. நான்தான் கொன்றேன். அந்தக் காரைத் தெரிந்தே வாங்க வைத்தேன், போர்வையை எடுத்தேன், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தேன். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இன்னொன்றையும் சேர்த்து எழுத வேண்டும், டெபுடி, அதுவும் உண்மைதான். டுவேன் அத்தனை பக்கத்தில் இருந்தார். அப்படியிருந்தும் அவள் மூன்று முறையும் என்னைத்தான் கூப்பிட்டாள்.