கரையில நின்னவரு

இல்லம்மா, அண்ணன் இல்ல. எங்க வீட்டுக்காரருதான். நீங்க மட்டுமில்ல, காலையில வந்த நர்ஸ் பொண்ணும் அப்படித்தான் கேட்டுச்சு. கட்டின பொண்டாட்டிகிட்ட யாராவது, உக்காருங்க, எதுக்கு இவ்ளோ சிரமப்படறீங்க, வீட்டுக்குப் போயி ஓய்வெடுங்கன்னு சொல்வாங்களா? இவரு சொல்வாரு. கொஞ்ச வருஷமா இப்படித்தான். அதுக்கு முன்னாடியெல்லாம் ஏய்னு ஒரு சத்தம் விட்டாருன்னா அடுத்த தெருவுல போறவங்க திரும்பிப் பாப்பாங்க.

நாற்காலிய இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்குங்க. அங்க ஏசி நேரா மண்டையில அடிக்கும். உங்கம்மாவுக்கு ஊசி போட்டாச்சுல்ல, இனி தூங்கிடுவாங்க. அப்புறம்தான் உள்ள விடுவாங்க.

எப்பலேர்ந்து இப்படின்னா... ஒரு கப்பல் பயணம் போனோம்மா. அதுலேர்ந்துதான். கப்பல்னா சரக்குக் கப்பல் இல்ல, ஜனங்க சுத்திப் பாக்கறதுக்குன்னே போகுதே, மாடி மாடியா, அது. எங்களுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னுதானே பாக்கறீங்க? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

நாங்க பேக்கரிக்காரங்க. கீழ கடை, மேல வீடு. ஊரே தூங்கறப்ப எந்திரிச்சுப் போயி மாவு போடணும். பொழுது விடியறப்ப ரொட்டி தட்டுல இருக்கணும். கல்யாணமானதுலேர்ந்து நான் கண்ணு முழிக்கறப்ப அவரு பக்கத்துல இருந்ததே இல்ல. கையப் பாத்தீங்கல்ல, முழங்கை வரைக்கும் கோடு கோடா, எல்லாம் சூட்டுத் தட்டு பட்டது. காதோரத்துல எப்பவும் மாவு ஒட்டியிருக்கும், குளிச்சாலும் போகாது. உக்காந்து சாப்பிட்டும் நான் பாத்ததில்ல. சிரிப்புங்கறது அந்த மூஞ்சிக்கு ஆகாத விஷயம். கல்யாணப் போட்டோவுலயே யாரோ கால மிதிச்ச மாதிரிதான் நிப்பாரு. கெட்டவரில்லம்மா. காலுல வெந்நி ஊத்திக்கிட்ட மாதிரியே வாழ்ந்தாரு, அவ்ளோதான்.

எம் பையன்தான் அந்தக் கோடையில பிடிவாதமா நின்னான். வடக்க பனிக்கட்டி மெதக்கற கடல் வரைக்கும் கப்பல் போகுது, எல்லாருமா போறோம்னான். இவரு அடுப்ப யாரு பாப்பான்னாரு. அடுப்பு ஆறட்டும்பா, நீயும் கொஞ்சம் ஆறுன்னு சொல்லிட்டு அவனே கடைக்கு விடுமுறைப் பலகைய மாட்டிட்டான். நான், அவரு, பையன், மருமக, பேத்தி. பேத்திக்கு அப்ப பல்லு விழற வயசு.

கப்பல் ஏறின புதுசுல இவரோட பெரிய ரோதனை. பழக்கதோஷம், யாருக்கும் முன்னாடி எந்திரிச்சு கம்பளம் விரிச்ச நடையில இப்படியும் அப்படியும் நடந்துக்கிட்டே இருப்பாரு. காலைச் சாப்பாட்டுல ரொட்டிய எடுத்து விரலால ஒரு அழுத்து அழுத்துவாரு. மேல எழும்பலன்னா போச்சு. உப்புக் கம்மி, அவசரத்துல போட்டிருக்கான், மாவ உறங்கவே விடலன்னு பக்கத்து மேசைக்காரங்களுக்கெல்லாம் பாடம். அவங்களுக்கு நம்ம பாஷையே தெரியாது, தலைய தலைய ஆட்டுவாங்க. மருமக வெக்கத்துல ஜன்னல் பக்கம் திரும்பிக்குவா.

அப்புறம் வடக்க போகப்போக ராத்திரிங்கறதே இல்லாம போச்சும்மா. நெசமாத்தான். சூரியன் கீழ எறங்கும், எறங்கும், கடல் ஓரத்துல வந்து நின்னுக்கும். பன் வெந்து எடுக்கற பதத்துல ஒரு நெறம் வரும் பாருங்க, அந்த நெறத்துல. விழவே விழாது. அப்படியே ஓரமா நகந்து போயி மறுபடி ஏறும். பூமி சாஞ்சிருக்கறதால அப்படின்னு பையன் ஆரஞ்சுப் பழத்த வச்சு வெளக்கினான். நான் ஜன்னல்ல திரைய இழுத்து விட்டுட்டுப் படுத்துக்குவேன்.

இவருக்குத்தான் ஒடம்பு கொழம்பிப் போச்சு. எப்ப எந்திரிக்கணும்னு அதுக்குத் தெரியல. ஒரு நாள் நான் கண்ணு முழிக்கறேன், பக்கத்துல ஆளு படுத்திருக்காரு. வாயப் பொளந்துக்கிட்டு, கொழந்த மாதிரி. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலம்மா. பேத்தி எடுத்தவ, புதுப்பொண்ணு மாதிரி வெக்கமா போயிடுச்சு. சத்தம் போடாம அப்படியே படுத்துக் கெடந்தேன்.

அதுக்கப்புறம் ஆளே மாறிட்டாரு. ரொட்டியக் கொற சொல்றது நின்னு போச்சு. போர்வையப் போத்திக்கிட்டு மேல்தட்டு நாற்காலியில உக்காந்து தண்ணியப் பாத்துக்கிட்டே இருப்பாரு. ஒரு தடவ எங்கிட்ட, இந்தக் கப்பல்ல நான் யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாதுல்லன்னு கேட்டாரு. தெரிஞ்சு என்ன ஆகணும்னேன். ஒண்ணும் ஆக வேணாம், அதான் நல்லாருக்குன்னாரு. அப்ப எனக்கு அது பெருசாப் படல.

கடைசியா ஒரு கரையில நிறுத்தினாங்க. சின்ன ஊரு. ஒரே தெரு, கலர் அடிச்ச மரவீடுங்க, மருந்துக்குக்கூட ஒரு மரம் கெடையாது. எங்க திரும்பினாலும் மீன் வாசம். மருமக கம்பளிக் குல்லா வாங்கணும்னு கடைக்குள்ள போயிட்டா. இவரு நான் அப்படியே தெருக்கோடி வரைக்கும் நடந்துட்டு வரேன்னாரு. போயிட்டு வாங்கன்னேன். தொலையறதுக்கு அங்க ரெண்டாவது தெருவே இல்லையே.

நாங்க நாலு பேரும் ஏறிட்டோம். மேல்தட்டுக்குப் போயி கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னோம். சங்கு ஊதறான். இவரக் காணோம். நான் தெருவையே பாத்துக்கிட்டு நிக்கறேன். அந்த நேரத்துல தெருமொனையில இவரு வர்றாரு. ஓடல, தடுமாறல, நிதானமா நடந்து வர்றாரு. கையில ஒரு காகிதப் பை. அங்கயும் ஒரு ரொட்டிக்கடையத் தேடிப் புடிச்சிட்டாரு போல. ஏறு பலகை பக்கத்துல வந்துட்டாரும்மா. ஏற வேண்டியதுதான் பாக்கி. பேத்தி தாத்தா தாத்தான்னு கத்தறா. தல நிமிந்து எங்களப் பாத்தாரு.

பாத்தவரு அப்படியே நின்னுட்டாரு.

நான் கையக் காட்டறேன், வாங்க வாங்கன்னு. பலகைக்கிட்ட இருந்த சிப்பந்தியும் ஏதோ கேக்கறான். இவரு பணிவா தலைய ஆட்டறாரு, இல்ல இல்லன்னு. பையன் படியில தடதடன்னு எறங்கி ஓடினான். அவன் கீழ போறதுக்குள்ள பலகைய இழுத்துட்டாங்க. எங்கப்பா, எங்கப்பான்னு அதிகாரிகிட்ட கத்தியிருக்கான். அந்தச் சிப்பந்தி என்ன சொன்னான் தெரியுமா? அவரு பயணி இல்லையாம், வழியனுப்ப வந்தவராம், அவரே கையக் காட்டிச் சொன்னாராம்.

கயித்த அவுத்துட்டாங்க. கப்பல் நகருது. இவரு மெதுவா கையத் தூக்கி ஆட்டினாரு. ரயிலடியில ஒறமொறைய ஏத்திவிட்டுட்டு நிப்பாங்களே, அந்த மாதிரி. மொகத்துல பயம் இல்லம்மா. பைத்தியமும் இல்ல. ஒரு வேலைய முடிச்ச மாதிரி இருந்துச்சு. இருட்டியிருந்தா கொஞ்ச நேரத்துல மறைஞ்சிருப்பாரு. அங்கதான் இருட்டவே மாட்டேங்குதே. ஆளா தெரிஞ்சாரு, அப்புறம் குச்சியா தெரிஞ்சாரு, அப்புறம் புள்ளியா. அந்தப் புள்ளி போகவே இல்ல. நான் கண்ண எடுக்கவே இல்ல.

ஆமாம்மா, அப்புறம் கப்பல்காரங்க கரைக்குச் சொல்லி, அங்க இருக்கறவங்க விமானத்துல ஏத்தி அனுப்பிட்டாங்க. எங்களுக்கு முன்னாடியே வீடு வந்து சேந்துட்டாரு. நாங்க வந்து கதவத் தட்டறோம், இவரு தொறக்கறாரு. திட்டறதுக்கு வாய் நெறைய வச்சிருந்தேன். வாங்க, வாங்க, பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சான்னு கேட்டாரு பாருங்க. எங்கிட்ட.

அன்னிலேர்ந்து நீங்கதான், வாங்கதான். படுக்கை கடைக்குப் பின்னால மாவு மூட்டை ரூமுக்குப் போயிடுச்சு. மேல வரணும்னா கதவத் தட்டிட்டுத்தான் வருவாரு, தன் வீட்டுக்குள்ள. கொஞ்சம் தண்ணி கெடைக்குமான்னு கேப்பாரு. கடைய நல்லாத்தான் பாத்தாரு. ரொட்டி முன்னவிட நல்லா வந்துச்சுன்னு ஜனங்க சொன்னாங்க. யாரையும் ஏசறதில்ல. ஏன் ஏறலன்னு கேட்டா மட்டும் தலையக் குனிஞ்சுக்குவாரு.

டாக்டருகிட்ட காட்டாம இருப்போமா? தலையப் படம் எடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க. எல்லாம் சரியா இருக்குன்னாங்க. மருமக, சத்தம் இல்லாம இருக்காரே அத்தை, அதுக்கே சந்தோஷப்படுங்கன்னா. அவளுக்கென்ன. நான் சண்ட போட்டேன், அழுதேன், பேசாம இருந்தும் பாத்தேன். ஒரு நாள் தாங்க முடியாம சட்டையப் புடிச்சுட்டேன். ஒரே ஒரு தடவ என்னை ஏய்னு கூப்பிடுங்கன்னேன். அவரு எங்கைய மெதுவா எடுத்து விட்டாரு. எடுத்து விட்டுட்டு திரும்பி வாசலப் பாத்தாரும்மா. அடுத்தவன் பொண்டாட்டி தொட்டா யாராவது பாத்துடப் போறாங்களேன்னு பயந்து பாப்பாங்களே, அந்தப் பார்வை. அதுக்கப்புறம் நான் எதுவும் கேக்கல.

இப்ப நெஞ்சுவலின்னு கொண்டுவந்து சேத்தோம். இதயம் ரொம்பத் தளந்து போச்சு, சொல்றதுக்கில்லன்னு டாக்டர் பையன்கிட்ட சொல்லிட்டாரு. நேத்து சாயங்காலம் ஈரத்துணியால மொகத்தத் தொடச்சு விட்டுட்டு இருந்தேன். நான் கேக்கவே இல்ல. அவராத்தான் ஆரம்பிச்சாரு. நீங்க ரொம்ப நாளாக் கேட்டீங்களே, இப்பச் சொல்லட்டுமான்னாரு. சொல்லுங்கன்னேன்.

அன்னிக்கு நான் ஏறத்தான் வந்தேன். தல நிமிந்து பாத்தேன். மேல உங்க பக்கத்துல நான் நின்னுக்கிட்டிருந்தேன்.

அப்படித்தாம்மா சொன்னாரு. நீங்க அதிராதீங்க, மெதுவாக் கேளுங்க. இவரு போட்டிருந்த அதே ஸ்வெட்டர், அதே குல்லாவாம். உங்க தோள்ல கை போட்டுக்கிட்டு சிரிச்சுக்கிட்டு நின்னேன், நான் அவ்ளோ சந்தோஷமா இருந்து நானே பாத்ததில்லன்னாரு. ஒரு நிமிஷம் யோசிச்சாராம். நான் இப்ப ஏறினா மேல நிக்கற அவரு எங்க போவாரு? நான் ஏறினா அடுப்பும் கோவமுமா பழைய ஆளுதான் உங்களுக்கு. அவரே போகட்டும், அவரு உங்கள நல்லா வச்சிருப்பாருன்னு தோணிச்சு, அதான் வழியனுப்பிட்டேன்னாரு.

சொல்லிட்டுக் கண்ண மூடிக்கிட்டாரு. தூங்கிட்டாருன்னு நெனச்சேன். அப்புறம் மூடின கண்ணோடயே, அவரு உங்கள நல்லா வச்சிருக்காரான்னு கேட்டாரு.

பையன்கிட்ட சொன்னேன். மூளைக்கு ரத்தம் சரியாப் போகலம்மா, அதான் என்னென்னமோ வருதுன்னான். இருக்கலாம். படிச்சவன் சொல்றான்.

நானா? நான் என்ன சொல்றது. நல்லா வச்சிருக்காருங்கன்னேன். அவரு மொகத்துல அப்படி ஒரு நிம்மதி.

பொய்யா? நீங்களும் அப்படித்தான் நெனைக்கறீங்க. சாகப் போறவரு மனசு குளிரட்டும்னு சொன்னேன்னு. இல்லம்மா. மேல்தட்டுல கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னேன்னு சொன்னேனே, அப்ப என் தோள்ல ஒரு கை இருந்துச்சு. பையன்னு நெனச்சேன். அவன் கீழ அதிகாரிகிட்ட கத்திக்கிட்டிருந்திருக்கான். மருமக ரெண்டு கையாலயும் பேத்தியத் தூக்கி வச்சிருந்தா. திரும்பிப் பாத்தா கரையில நிக்கறவர விட்டுடுவேனோன்னு நான் திரும்பவே இல்ல. நல்ல கனமான கை. சூடா இருந்துச்சு. அந்தக் குளுருல.

அதுக்கப்புறமும் அது போகல. யாருகிட்டயும் சொன்னதில்ல. ஊம கண்ட கனா மாதிரி உள்ளயே வச்சுக்கிட்டேன். கடையில நிக்கறப்ப, துணி மடிக்கறப்ப, இவரு வாங்க போங்கன்னு பேசி மனச ஒடைக்கறப்ப, அது பாட்டுக்கு வந்து தோள்ல உக்காந்துக்கும். இந்தா, உங்ககிட்ட பேசிட்டிருக்கேன், இப்பவும் இருக்கு.

அழலயான்னு எல்லாரும் என்னையே பாக்கறாங்க. இவரு போயிட்டா அதுவும் போயிடுமோன்னு ஒரே பயம்மா இருக்கு. அந்தப் பயத்துல அழ வரல.

கூப்பிடறாங்க பாருங்க, என்னைத்தான். வரேம்மா.