சுவரொட்டியில் இருந்த எண்

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. அதனால் அன்று நான் ரயிலில்தான் வேலைக்குப் போனேன். மழை வரும்போல இருந்தது. குடையை மறந்துவிட்டேன். அன்றைய காலையைப் பற்றி எனக்கு நினைவிருப்பது இவ்வளவுதான்.

வாக்குமூலத்தைத் தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள். நன்றி. நீங்கள் மலாயில் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகச் சொல்கிறேன்.

என் பெயர் குகன். வயது முப்பத்தொன்று. ராதாகிருஷ்ணன் அண்ணனின் அச்சுக்கடையில் ஐந்து ஆண்டுகளாக வடிவமைப்பு வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் பேனர், நினைவஞ்சலி. எங்கள் தொழிலில் யாரும் வெற்றுத் தாளில் தொடங்குவதில்லை. கடைசியாகச் செய்த கோப்பைத் திறப்போம். படத்தை மாற்றுவோம், பெயரை மாற்றுவோம், வேறு பெயரில் சேமிப்போம். இதை முதலிலேயே சொல்வது நல்லது.

மாலை ஏழு மணிக்கு ஒரு கணவனும் மனைவியும் கடைக்குள் ஓடிவந்தார்கள். சோலையப்பன், அழகம்மை. சென்னையிலிருந்து ஐந்து நாள் சுற்றுலாவுக்கு வந்தவர்கள். சேலைக்கடைக் கூட்டத்தில் மகளின் கை விட்டுப்போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. பெயர் உமையாள், வயது ஆறு. போலீசில் சொல்லிவிட்டார்கள். படத்தோடு ஒரு சுவரொட்டி உடனே வேண்டும் என்றார்கள்.

"அவளுக்குச் சர்க்கரை இருக்கு சார்," என்றார் சோலையப்பன். "ஒரு நாளைக்கு நாலு ஊசி. ஊசி இல்லாம ரெண்டு மூணு நாளுக்கு மேல தாங்காது. அதப் பெருசாப் போடுங்க."

கடைசியாகச் செய்த கோப்பைத் திறந்தேன். அது ஷாமினியின் ஓராண்டு நினைவஞ்சலி. ஷாமினி என் மனைவி. கிள்ளானில் இருக்கும் தன் அம்மா வீட்டிலிருந்து வரும் வழியில் அவள் மோட்டார் சைக்கிளை ஒரு லோரி இடித்தது. பத்திரிகையில் நான்கு வரி வந்தது. பெயரை ஷர்மிளா என்று போட்டிருந்தார்கள்.

'தோற்றம்' இருந்த இடத்தில் 'வயது' என்று அடித்தேன். 'மறைவு' இருந்த இடத்தில் 'காணாமற்போன நேரம்' என்று அடித்தேன். மல்லிகைச் சரத்தை அழித்தேன். படத்தைச் சுற்றிய நீள்வட்டச் சட்டத்தை அழிக்கத் தோன்றவில்லை. அது பாதித் தாளை எடுத்துக்கொண்டதால் ஊசி விஷயத்தைச் சிறிய எழுத்தில்தான் போட முடிந்தது. அடியில் தொடர்புக்கு என்று இருந்த என் எண்ணும் அப்படியே நின்றுவிட்டது.

அது வேண்டுமென்று செய்ததல்ல. நான் சொல்வதில் வேறு எதை நம்பாவிட்டாலும் இதை நம்புங்கள்.

எட்டரை மணிக்கு என் கைப்பேசி அடிக்கத் தொடங்கியபோதுதான் தெரிந்தது.

"டேய், உன் நம்பர் எப்டிடா வந்துச்சு இதுல?" என்றார் ராதாகிருஷ்ணன் அண்ணன். "ஆயிரம் காப்பி போயிருச்சு. ஃபேஸ்புக்ல வேற ஏத்தியாச்சு. என்ன லா நீ?"

அழகம்மைதான் தடுத்தார். "இருக்கட்டும்ண்ணே. எங்க இந்திய நம்பருக்கு இங்க யாரு கூப்பிடப் போறா? உள்ளூர் நம்பர்னா பயமில்லாமப் பேசுவாங்க." பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க எடுத்துப் பேசுவீங்கல்ல?" என்று கேட்டார்.

எடுப்பேன் என்றேன்.

ஞாயிறு காலைக்குள் முந்நூறு அழைப்புகள். பிள்ளையைப் பினாங்கில் பார்த்தவர்கள், தாய்லாந்து எல்லையில் பார்த்தவர்கள், கனவில் பார்த்தவர்கள். ஒரு ஜோதிடர், தெற்கே தண்ணீருக்குப் பக்கத்தில் என்றார். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். மாலையில் அதன் படியை உங்கள் நிலையத்தில் கொடுத்தேன். உங்கள் ஆட்கள் தெருக் கேமராக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீபாவளிக் கூட்டத்தில் பெரியவர்களின் இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை என்றார்கள்.

கடை வாசலில் தொண்டர்கள் கூடிவிட்டார்கள். கடைகளின் முன்னால் ஐந்தடி நடைபாதையில் வடை விற்கும் குமுதா ஆன்டி தேநீர் கொண்டுவந்தார். ஓராண்டாக என்னைக் கண்டால் என்ன பேசுவதென்று தெரியாமல் எண்ணெய்ச் சட்டியைப் பார்ப்பவர் அவர். அன்று என் தோளைத் தொட்டு, "சாப்டியா இல்லியா நீ? மூஞ்சியப் பாரு, பேய் மாதிரி," என்றார். பூச்சோங்கிலிருந்து வந்த ஒரு பெண்மணி மட்டும் சுவரொட்டியைக் கையில் வாங்கிக்கொண்டே சொன்னார்: "என் அக்கா பேத்தியும்தான் போன வருஷம் காணாம போச்சு. ஒரு கேமரா வந்துச்சா? இது வெளிநாட்டுப் புள்ள, பாஸ்போர்ட் இருக்கு, டிவி வருது." சொல்லிவிட்டு நூறு சுவரொட்டிகளை ஒட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

டிவி வந்தது உண்மைதான். 'மலேசியாவில் மாயமான சென்னைச் சிறுமி' என்று சென்னைச் சேனல்களில் ஓடியது. நான்கு கட்டங்களில் நான்கு பேர் உட்கார்ந்து இந்த நாடு பாதுகாப்பானதா என்று விவாதித்தார்கள். யூடியூப்காரர் ஒருவர் என்னிடம் வந்து, "சார், அம்மா போட்டோவக் கட்டிப்புடிச்சு அழற மாதிரி ஒரு ஷாட் கெடைக்குமா? வெளிச்சம் போறதுக்குள்ள," என்று கேட்டார். நான் அழகம்மையிடம் கேட்டேன். அவர் அழுதார். அதற்காக அழவில்லை, ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிறு காலை பதினொரு மணிக்கு இராஜம்மா கூப்பிட்டார்.

கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் கழுவும் அம்மாள் என்பது பிறகு தெரிந்தது. புதுக்கோட்டைப் பக்கம். வேலை பெர்மிட் முடிந்து மூன்று ஆண்டுகள், பாஸ்போர்ட் ஏஜெண்டிடம். சனிக்கிழமை இருட்டும் நேரத்தில் கிள்ளான் ரயில் நிலையத்தில் பிள்ளை தனியாக அழுதுகொண்டு நின்றதாம். கூட்டத்தோடு கூட்டமாக இங்கே பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து சென்ட்ரல் நிலையத்தில் ரயிலேறியிருக்கிறது. போலீசிடம் போனால் தன்னைப் பிடித்துக்கொள்வார்கள் என்று அறைக்குக் கூட்டிப்போய்விட்டார். காலையில் பக்கத்து அறைப் பையன் போனில் படத்தைக் காட்டி எண்ணைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"உமையாள்னு பேரு சொல்லுது தம்பி. நீங்க புள்ளயோட அப்பாவா?"

ஆமாம் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நேற்றும் கேட்டீர்கள். வேறு எவரிடமும் அவர் பேசியிருக்க மாட்டார் என்பதால் என்று சொல்லலாம். அதுவும் சரியான காரணம்தான்.

"போலீசெல்லாம் வேணாம் தம்பி. நீங்க மட்டும் வாங்க."

"நான் மட்டும்தான் வருவேன். அதுவரைக்கும் வெளிய விடாதீங்க. யாருகிட்டயும் சொல்லாதீங்க," என்றேன்.

அப்போது போவதாகத்தான் இருந்தேன். திரும்பிப் பார்த்தேன். வாசலில் இருநூறு பேர். மலாய்க்காரர்கள், சீனர்கள், எல்லாரும் நம்முடைய பிள்ளையைத் தேடுவதற்காக வெயிலில் நின்றார்கள். ஏழு மணிக்குச் சென்னைச் சேனலில் அழகம்மையின் நேரலை. ஒரு பெண் இருக்கிறாள், அவள் இல்லாமல் போய்விட்டாள் என்று இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் நினைப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை. இப்போது கிடைத்துவிட்டாள் என்று சொன்னால் அரை மணி நேரத்தில் எல்லாரும் சேலை வாங்கப் போய்விடுவார்கள். நேரலை முடியட்டும் என்று நினைத்தேன். எட்டு மணி நேரம். அது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

நேரலை நன்றாக நடந்தது. ஆனால் இரவுக்குள் பேச்சு மாறிவிட்டது. சனிக்கிழமை மதியம் அழகம்மை ஒரு சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு எடுத்த படத்தை யாரோ அவருடைய ஃபேஸ்புக் பக்கத்திலிருந்து எடுத்துப் போட்டார்கள். 'புள்ளய விட்டுட்டு செல்ஃபி.' 'அம்மா மூஞ்சியில கவலையே இல்ல பாத்தீங்களா?' நம் ஊர்க்காரர்கள், 'அடுத்த நாட்டுக்கு வந்து தொலைச்சிட்டு எங்க நாட்டக் குறை சொல்றீங்களா?' என்று எழுதினார்கள். திங்கள் காலையில், ஊசி போட்டுப் போட்டு அலுத்துப்போய் அவர்களே ஏதாவது செய்திருப்பார்கள் என்று ஒருவர் எழுதினார். ஒன்பதாயிரம் பேருக்கு அது பிடித்திருந்தது.

ஒவ்வொன்றுக்கும் நான் பதில் எழுதினேன். இந்த நிலையில் பிள்ளை திடீரென்று வந்து நின்றால் எல்லாம் நாடகம் என்பார்கள். அழகம்மை ஆயுள் முழுக்க அதைச் சுமக்க வேண்டியிருக்கும். ஆகவே செவ்வாய் மாலை விளக்கேற்றும் கூட்டம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தேன். அதற்குப் பேனரும் செய்தேன். ஊர் அவர் பக்கம் வந்ததும் பிள்ளையைக் கொண்டுவந்து கொடுப்பது என்று முடிவு. நியாயமான திட்டம் என்றே பட்டது.

திங்கள் முழுக்க இராஜம்மா கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை தண்ணீராகக் குடிக்கிறது என்றார். கொடுங்கள் என்றேன். பாயை நனைத்துவிடுகிறது என்றார். புது இடம், அப்படித்தான் என்றேன். மத்தியானம் வாந்தி.

"ஊசி போடணும் ஊசி போடணும்னு சொல்லிக்கிட்டே இருக்குது தம்பி. என்ன ஊசி?"

"அவளுக்கு ஊசின்னா பயம்க்கா. பயத்துல உளர்றா."

"என்னப்பா அப்பன் நீ, புள்ளயப் பாக்க ரெண்டு நாளா வராம?" என்று அவர் சத்தம் போட்டார். "எங்க ஊரா இருந்தா நடந்தே வந்திருப்பான் பெத்தவன்." நாளைக்கு நிச்சயம் என்றேன். சத்தம் போட்டதற்கு அவரே வருத்தப்பட்டு, கஞ்சி வைத்துக் கொடுக்கிறேன் என்றார்.

செவ்வாய் மாலை இரண்டாயிரம் பேர் வந்தார்கள். நான் எதிர்பார்த்தது ஐந்நூறு. கோயில் குருக்களும் தேவாலயத்துப் பாதிரியாரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். மழை தூறியது, யாரும் கலையவில்லை. முந்தைய நாள் வசைபாடிய ஒரு பெண் அழகம்மையிடம் வந்து மன்னிப்புக் கேட்டதை என் கண்ணால் பார்த்தேன். நான் நினைத்தது நடந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதே நேரத்தில் இராஜம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கிள்ளானில் ஆஸ்பத்திரிக்கு நடந்திருக்கிறார். பெர்மிட் இல்லாத காலத்தில் ஒரு சீருடைக்காரர் எதிரே அவர் தானாக நடந்தது அதுதான் முதல் முறையாம். பிள்ளை போய்ச் சேர்ந்து சிறிது நேரம் ஆகியிருந்தது என்று டாக்டர் சொன்னார்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவரைப் பிடித்தீர்கள். 'கடத்தல்காரி' என்று இரண்டு நாட்டிலும் போட்டார்கள். அவர் முகத்தைச் சிவப்பு வட்டத்துக்குள் வைத்தார்கள். தூக்கில் போடு என்று எழுதினார்கள். ஒரு அப்பா தன்னிடம் போனில் பேசினார் என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. பிள்ளையின் அப்பா சோலையப்பனோ இரண்டாயிரம் பேர் பார்க்க பிரிக்பீல்ட்ஸில் நின்றவர். நான் அவரைப் பற்றி எதுவும் எழுதவில்லை. மற்றவர்கள் எழுதியதை அழிக்கவும் இல்லை. இறுதிச் சடங்கு அறிவிப்பை ராதாகிருஷ்ணன் அண்ணன் என்னிடம்தான் கொடுத்தார். அதே கோப்புதான். மாற்ற வேண்டியது அதிகமில்லை.

விமான நிலையத்தில் அழகம்மை என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க மட்டும் இல்லன்னா அந்த மூணு நாள நாங்க எப்படித் தாண்டியிருப்போம்னே தெரியல தம்பி," என்றார். உண்மையைத்தான் சொன்னார். அந்த மூன்று நாளும் அவருக்கு நம்பிக்கை இருந்தது. எனக்கு அப்படி யாரும் மூன்று நாள் கொடுத்ததில்லை.

இராஜம்மாவின் போனில் என் எண்ணுக்குப் பதினொரு அழைப்புகள் இருப்பதைப் பத்தாம் நாள்தான் பார்த்தீர்கள். முன்பே கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பேன். பத்து அழைப்புகளைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பதினோராவது, செவ்வாய் பகல் பன்னிரண்டே கால், நாற்பத்தேழு நொடி. அதில் என்ன பேசினேன் என்றுதானே காலையிலிருந்து கேட்கிறீர்கள்.

அவர் அழுதார். "தம்பி, புள்ள கண்ணத் தொறக்கல. மூச்சு எறைக்குது. வாயில அழுகின பழ வாசன வருது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகட்டா?"

அந்த வாசனை எதற்கு அடையாளம் என்று எனக்குத் தெரியும். அன்று காலைதான் சோலையப்பன் தொண்டர்களுக்கு அதை ஒன்றுக்கு இரண்டு முறை விளக்கியிருந்தார். பிள்ளை எங்கே கிடைத்தாலும் முதலில் வாயை முகர்ந்து பாருங்கள், பழ வாசனை வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள் என்றார். நான் பக்கத்தில் நின்று அதை மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

விளக்கேற்ற இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது.

"வேண்டாம்க்கா, தூங்கட்டும். எழுப்பாதீங்க," என்றேன்.

அலைந்து களைத்த பிள்ளை, நன்றாகத் தூங்கட்டும் என்றுதான் நினைத்தேன்.