ராக்காயி அக்காவின் அரைப்பேர்

பெருமதிப்பிற்குரிய தலைவர் வீரய்யா அவர்களே! பனியில் நனைந்து வந்து பாயில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு ஓடி வந்திருக்கும் என் தாய்மார்களே! தலவாக்கலை டாக்டர் சரிபுதீனின் தாழ்மையான வணக்கம்.

இந்த வாசிகசாலை ஆண்டு விழாவில் 'மூளையும் முதுமையும்' என்று பேசச் சொன்னார்கள். பேச வந்தேன். வந்தால், கோயில் வாசலில் உடுக்கையும் பிரம்பும் தயாராக இருக்கின்றன! கூட்டம் கலைந்ததும், இதோ முன்வரிசையில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ராக்காயி அக்காவுக்கு மறுபடியும் பேயோட்டப் போகிறார்களாம். போன வெள்ளிக்கிழமை ஓட்டியதில் கிழிந்த முதுகுக்கு மருந்து போட்டவன் நான். இன்றும் அடிப்பார்கள் என்று தெரிந்த பிறகு, எழுதி வந்ததை எப்படி ஐயா படிப்பேன்?

என்ன குற்றம் செய்தார் அவர்? வேலையை விட்டு நின்ற பிறகும், பொழுது சாய்ந்தால் கூடையைக் கட்டிக்கொண்டு, விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் போய் நிற்கிறார். கட்டிய கணவரையே, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா என்று நினைத்துக் கும்பிடுகிறார். உடனே பேய் என்றீர்கள்! பேய்க்கு வேறு வேலை இல்லையா? பெரட்டுக்கா வந்து நிற்கும்?

சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் மண்டைக்குள் கோடானுகோடி நரம்பு உயிரணுக்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செய்தி ஓடுகிறது. அது ஓடுவதால்தான் மனைவியை மனைவி என்கிறோம், மகனை மகன் என்கிறோம். அந்த உயிரணுவின் மேல்தோலில், கொழுப்பும் சர்க்கரையும் கைகோத்த ஒரு பொருள் இருக்கிறது. கேங்லியோசைடு என்று பெயர்.

என்ன அங்கே? கங்காணி சைடா? இல்லை தம்பி, கங்காணி பக்கம் பேச நான் வரவில்லை!

நரம்பு தன் வேலையைச் செய்ய அந்தப் பொருள் வேண்டும். அது அளவு மீறிக் குவிந்தாலோ கேடு. அப்படிக் குவிந்து, கைக்குழந்தையின் பார்வையைப் பறித்து உயிரையும் பறிக்கும் நோய் ஒன்று உண்டு. முதுமையில் அந்தப் பொருள் எப்படி மாறுகிறது, குறைந்தால் நினைவு என்னாகும் என்று மேல்நாட்டில் இன்னும் துருவிக்கொண்டிருக்கிறார்கள். அக்காவுக்கு வந்தது இதனால்தான் என்று சத்தியம் செய்ய என்னிடம் கருவி இல்லை. ஆனால் நலிந்தது மூளை! தளர்ந்தது நரம்பு! பிரம்பால் அடித்தால் நரம்பு தளிர்க்குமா?

"சாமி விசயம் ஒங்களுக்கு என்னாங்க தெரியும்?" என்கிறீர்கள், பூசாரியாரே. நியாயமான கேள்வி. எங்கள் வீட்டிலும் தாயத்துக் கட்டுகிறவர்கள்தான். நான் உங்கள் சாமியைப் பேசவில்லை. உங்கள் பிரம்பைப் பேசுகிறேன்!

அன்று நடந்ததை அவர் கணவர் பழனியாண்டி அண்ணன் சொல்லிச் சொல்லி அழுதார். "ஒன் பேரச் சொல்லு!" என்று அடித்தீர்கள். அக்கா என்ன சொன்னார்? "அரைப்பேர் போட்டுறாதீங்க ஐயா!"

நான் கினிகத்தேனை ஊர்க் கடைக்காரர் மகன்; தோட்டத்தில் வேலை பார்த்தவன் அல்ல. எனக்கு அது விளங்கவில்லை. கொழுந்து குறைந்தால் பாதி நாள் கூலி எழுதுவதுதான் அரைப்பேர் என்று அண்ணன் விளக்கினார். இங்கேயே பிறந்து, இங்கேயே பறித்த உங்களுக்குமா விளங்கவில்லை? "பேயி பாதிப் பேரத்தான் சொல்லுது, முழுப்பேரச் சொல்ல வைங்க!" என்று கூட்டம் கத்தியதே! மறுபடி பிரம்பு விழ, கையெடுத்துக் கும்பிட்டாரே: "முழுப்பேர் போடுங்க சாமி, கொழுந்து நெறய இருக்கு!"

பேயா பேசியது? தாய்மார்களே, பேயா பேசியது? நேற்றுவரை உங்கள் பக்கத்து நிரையில் நின்று பறித்தவர் பேசினார்! நெஞ்சு கொதிக்கிறது எனக்கு.

பொறுங்கள். பழனியாண்டி அண்ணன் எழுந்து நிற்கிறார். கேளுங்கள் அண்ணே.

"அவளுக்குக் கொணமாகுமா டாக்டரய்யா?"

பொய் சொல்ல மாட்டேன். ஆகாது அண்ணே. மருந்து இல்லை.

"பெறகு ஓட்டாம விட்டுத்தான் என்னாங்க ஆகப் போவுது?"

அண்ணே, உங்கள் முகம் அவருக்கு மறந்திருக்கலாம். அடித்தால் வலிக்கும். அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அதோ, அண்ணன் தன் கம்பளியை எடுத்து அக்காவின் முதுகில் போர்த்துகிறார். சத்தம் போடாதீர்கள், என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்: "வேல விட்டாச்சு புள்ள. வா, லயத்து வீட்டுக்குப் போவோம்."

பூசாரியாரே, ஒதுங்கி நில்லுங்கள். தாய்மார்களே, பாயைச் சுருட்டுங்கள், பாதை விடுங்கள். என் பேச்சுக்குக் கைதட்ட வேண்டாம். அவர்கள் இருவருக்கும் வழி விட்டீர்களே, அதற்கு உங்கள் அனைவருக்கும் என் நன்றி, என் வணக்கம்.