பேர் எழுதாத பாசி

சேதுபதி: யோகேஷ வரவேணாம்னு சொல்லிரு.

சொர்ணலட்சுமி: ஏங்க? நம்ம ஹரிணி கூடப் படிச்ச பிள்ள. அவ நோட்டுல கடைசிப் பக்கத்துப் பாசிக்கு மட்டும் பேரு இல்லையாம். பாத்துட்டுச் சொல்றேங்கிறான்.

சேதுபதி: பேரு தெரிஞ்சு என்னத்துக்கு… பிள்ளையே இல்ல.

சொர்ணலட்சுமி: அதுக்குத்தான் சொல்றேன். மலையிறங்குறப்ப பஸ் உருண்டு, அவ பையில மிஞ்சினது இந்தப் பட்டையில ஒட்டுன பாசியும், நோட்டும், லென்ஸுந்தானே.

சேதுபதி: அவன் தொட்டா பிஞ்சுரும்.

சொர்ணலட்சுமி: பிய்யாது. ஒரு வருசமா நம்மூரு வெயில்லயே பச்சையா நிக்குது. அம்புட்டுக் கெட்டி. கடைசியா என்ன எழுதியிருக்கா தெரியுமா? "நாவல் மரம், வடக்குப் பக்கம். காஞ்சா இலை முறுக்கிக்குது. பேரு?" அம்புட்டுதான்.

சேதுபதி: நீ அதெல்லாம் படிக்கிறியா?

சொர்ணலட்சுமி: நீங்க சந்தைக்குப் போற அன்னைக்கு. வத்தலக்குண்டுச் சந்தைக்கு ஸ்வெட்டரோட போற ஆளு நீங்க ஒருத்தருதான்.

சேதுபதி: சொர்ணம்…

சொர்ணலட்சுமி: சொல்லுங்க.

சேதுபதி: இது அவ எடுத்த பாசி இல்ல. அது ஆடியிலயே கருகிப்போச்சு. பாத்தா நீ தாங்கமாட்டேன்னு… மேல மலைக்குப் போயி வேற பிச்சாந்து அதே பட்டையில வச்சேன். வாடுனா மறுபடி போவேன்.

சொர்ணலட்சுமி: பஸ் உருண்ட அந்த வளைவத் தாண்டியா போனீங்க?

சேதுபதி: பஸ்ல கண்ண மூடிக்குவேன்.

சொர்ணலட்சுமி: எனக்குத் தெரியுங்க.

சேதுபதி: என்னது?

சொர்ணலட்சுமி: இது வேறன்னு. அவ லென்ஸ வச்சுப் பாத்தேன். எம்புட்டுக் காஞ்சாலும் இதுக்கு இலை முறுக்கல.

சேதுபதி: தெரிஞ்சுமா தெனம் தண்ணி தெளிச்ச? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?

சொர்ணலட்சுமி: கேட்டா… அது ஏன் கருகுச்சுன்னு நீங்க கேப்பீங்களே. மழைத்தண்ணி மட்டுந்தான் ஊத்தணும்னு அவ மொதப் பக்கத்துலயே எழுதி வச்சிருந்தா. எனக்குத்தான் அப்ப நோட்டத் தெறக்கத் தெம்பு இல்ல. பிள்ளைக்குத் தாகமா இருக்கும்னு, நம்ம போர்வெல் உப்புத்தண்ணிய நாந்தாங்க தெனம் ஊத்துனேன்.