இடம் வலம் மாறின போர்டு

இல்லண்ணே, கையில இருக்கறது அழுக்கு இல்ல. எத்தனை தடவை கழுவினாலும் போகாது. செம்பை அரிக்கிற தண்ணி பட்ட கறை. ஆமா, இந்த சர்க்யூட் போர்டு நானே வீட்ல போட்டதுதான். சிரிக்காதீங்க. நான் லாரி ஓட்டுறவன், எனக்கும் இந்த வேலைக்கும் ஏணி வச்சாலும் எட்டாது.

பழைய போர்டுல பேட்டரி ஒழுகி, செம்புக் கோடெல்லாம் பச்சை பூத்துப் போச்சு. சிப்பு மட்டும் தப்பிச்சுது. அந்தக் கோடுகளையெல்லாம் அப்படியே பாத்து வரைஞ்சு, பிரிண்ட் எடுத்து, செம்புத் தகட்டு மேல வச்சு இஸ்திரிப் பெட்டியால தேய்ச்சேன். அப்புறம் தகட்டை டப்பாவுல போட்டு, அந்த அரிக்கிற தண்ணிய ஊத்தி ஆட்டிக்கிட்டே இருக்கணும். மை ஒட்டின இடம் நிக்கும், மத்த செம்பெல்லாம் கரைஞ்சிடும்.

முதல் போர்டு என்னமா வந்துச்சு தெரியுமா, கண்ணுல ஒத்திக்கலாம்! சிப்பை எடுத்து வச்சு, ஈயம் உருக்கிப் பத்தவைக்கிற சால்டரிங் அயர்னும் சூடாக்கியாச்சு. அப்பத்தான் பாக்குறேன், எல்லாமே இடம் வலம் மாறியிருக்கு. படத்தைக் கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பிப் பிரிண்ட் எடுக்கணுமாம், எனக்கு யாரு சொன்னா? கரண்டு குடுத்திருந்தா சிப்பு அங்கயே கருகியிருக்கும். அதுக்கப்புறம் நான் அயர்னைத் தொடவே இல்லண்ணே. அதான் சிப்பை வைக்க ஒங்க ரிப்பேர் கடைக்கு வந்தேன். இது ரெண்டாவது போர்டு. சரியாத்தானே இருக்கு? இன்னொரு தடவை லென்ஸ்ல பாருங்களேன்.

புது சிப்பா? வேணாம்ணே. கிடைக்கும், தெரியும். நீங்க இதையே வைங்க.

கோவிச்சுக்காதீங்க, ஒங்க கையில நம்பிக்கை இல்லாம இல்ல. சிப்போட ஒரு கால் ஒடிஞ்சாலும் அவ்ளோதான், அதான் பக்கத்துலயே நிக்கிறேன். அதோ வெளிய, வயித்துத் தையல் பிரிச்ச கரடி பொம்மைய வச்சுக்கிட்டு நிக்கிறாளே, என் வீட்டுக்காரி. உள்ள வர மாட்டேன்னுட்டா, பாக்கப் பயமாம். இது போச்சுன்னா அவ மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?

ஆமா, பேசற பொம்மைதான். நாம பேசறதைப் பதிஞ்சு வச்சுக்கும், அமுக்கினா திரும்பச் சொல்லும். இந்த சிப்புலதான் எம் பொண்ணு பேசினது இருக்கு. போன்ல அவ வீடியோ நிறைய இருக்கு, எல்லாத்துலயும் நாங்க சொல்லிக் குடுத்ததைத்தான் ஒப்பிப்பா. இது அவளாப் பேசினது. தூங்குடா கரடின்னு மிரட்டுவா, மிரட்டி முடிக்கறதுக்குள்ள அவளுக்கே சிரிப்பு வந்துடும். அவ்ளோதான் இருக்கு.

மறுபடி பேசச் சொல்லிப் பதிஞ்சுக்கலாமேன்னா... அவ இல்லண்ணே. போன மழையில வந்த காய்ச்சல்.

நீங்க வைங்கண்ணே, அயர்ன் சூடாயிடுச்சு பாருங்க.