நாலாவைத் தாண்டாதவள்

மூன்றாவது சிலிண்டர் வெடிக்கிறது. செவ்வாய்க்கிழமை. பகல் மூன்றே கால். சத்தம் முதலில் காதில் இல்லை, பல்லில். அப்புறம் தகரங்கள் பறக்கிற சத்தம். சந்து முழுக்க பிளாஸ்டிக் எரிகிற கறுப்புப் புகை. ஓடுகிறோம்.

"நாலாவத் தாண்டுங்கடே! தாண்டு!"

நாலா என்றால் சந்து முனையில் ஓடும் சாக்கடை. மேலே ஒரு பலகை. தாண்டினால் பெரிய ரோடு. நான் தாண்டினேன். என்னோடு ஓடிவந்தவர்கள் தாண்டினார்கள். என் மகள் பேச்சியம்மாள் பலகைக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். வயது பத்தொன்பது.

"ஏட்டி, வா."

"காப்பு கட்டிருக்கேன்லாப்பா. கோயிலுக்குள்ள இருந்துக்கிடுதேன்."

திரும்பி ஓடினாள். நான் பலகையில் கால் வைத்தேன். நான்காவது சிலிண்டர். பலகையோடு சாக்கடையில் விழுந்தேன்.

சந்துக்குள் இருக்கும் அம்மன் கோயிலுக்குக் கதவு இரும்பு. சூட்டில் இறுகிவிட்டது. உள்ளே இருந்து கூப்பிட்டிருப்பாள். யாரைக் கூப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது.

அம்மன் கொடைத் திருவிழாவுக்கு முளைப்பாரி எடுக்கிற பெண்கள் கையில் மஞ்சள் காப்பு கட்டுவார்கள். கட்டினால் கொடை முடியும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. மும்பை தாராவியில் எங்களுக்கு எல்லை அந்தச் சாக்கடைதான். ஆறு நாளாக அவள் சாக்கடை தாண்டி சயானில் இருக்கிற காலேஜுக்குப் போகவில்லை. போகாதே என்றவன் நான். நாலாம் வகுப்பு படித்தவன். ஒரே சட்டையோடு வந்து நாலு பிளாஸ்டிக் அரவை மெஷின் போட்டவன். இந்தச் சந்தில் முதல் மாடி நான் கட்டியது. முதல் முளைப்பாரியும் என் வீட்டிலிருந்துதான் போகணும் என்று நின்றேன். ஒளிக்க மாட்டேன்.

தீப்பிடித்த ஐந்தாம் நாள் கோயில் தலைவர் வந்தார்.

"அழாதீய அண்ணாச்சி. கன்னிப்பிள்ள. அம்மன் கேட்டு வாங்கிட்டா. பீடம் போட்டுப் பூச வைப்போம்."

"தாண்டுனவன்லாம் உசுரோட இருக்கானே?"

"அதுவும் அவ கருணதான்."

"செத்தாலும் கருண, பொழச்சாலும் கருண. ஒங்க அம்மனுக்குத் தோக்கவே தெரியாதோ? ஒம்ம மவளும் காப்பு கட்டிருந்தாளே. அவள ஏன்வே கையப் புடிச்சு இழுத்துட்டுத் தாண்டுனீரு?"

துண்டை உதறிக்கொண்டு போனார்.

மறுநாள் பேனர் கட்டினார்கள். கண்ணீர் அஞ்சலி. இரண்டே படம். என் மெஷினில் வேலை பார்த்த செல்லத்துரை. இட்லி விற்ற மாடத்தி அக்கா. சாமியான பிள்ளையைச் செத்தவர்களோடு போடக் கூடாதாம். பீடத்துக்கு இறக்கிய செங்கல்லை ஒவ்வொன்றாகச் சாக்கடையில் போட்டேன். சாமி குத்தம் என்றார்கள். வரட்டும். இனி என்னிடம் எடுக்க என்ன இருக்கிறது.

படிக்கிறவர்கள் எண்ணிக்கொள்ளுங்கள். வீடு பதினொன்று. மெஷின் நாலு. ஆள் மூன்று. செல்லத்துரை. மாடத்தி. பேச்சியம்மாள். என் மகள் சாமி ஆகவில்லை. செத்துப்போனாள்.