ஸ்டீபன் சார் இல்லாத மீட்டிங்கு

தலைய ஆட்டாதீங்க சார். தாடைல கம்பி போட்டு கட்டிகீறாங்க, வாயத் தொறக்கவே கூடாதுன்னு அந்த நர்சம்மா இன்னா கத்து கத்திட்டு போச்சு, கேட்டுக்கினுதானே இருந்தீங்க? தெரியுது, தெரியுது, மீட்டிங் இன்னா ஆச்சுன்னுதானே கைய கைய காட்றீங்க. சொல்லத்தான் திருவள்ளூர்லேர்ந்து நேரா பஸ் புடிச்சி வரேன். மொதல்ல இந்தக் கஞ்சிய உறிஞ்சுங்க.

ஆனாலும் நெனச்சா சிரிப்பா வருது சார். மாவட்டத்துல கீற அத்தன சின்னச் சின்ன சங்கத்துக்கும் நம்ம கூட்டமைப்புதான் வாயி, கூட்டமைப்புக்கு நீங்கதான் வாயி. மைக்க புடிச்சா வுடவே மாட்டீங்க. அந்த வாய கொண்டுபோயி கவரப்பேட்டைல ஒரு எருமைக்கு வழி வுடறேன்னு பைக்க திருப்பி செவுத்துல இடிச்சிக்கினீங்களே. எருமைக்கு ஒண்ணும் ஆவல, விசாரிச்சிட்டேன்.

நான் உங்கமேல காண்டாதான் இருந்தேன், அது உங்களுக்கே தெரியும். பின்ன இன்னா சார்? நாங்க கொஞ்சம் பொம்பளைங்க. சிப்காட்ல மெஷின்ல கைய குடுத்துட்டு வர்ற வடநாட்டு ஆளுங்களுக்கு இந்த ஆஸ்பத்திரில யாரு கீறா? தண்ணி குடுக்க, சோறு ஊட்ட, முறை போட்டுக்கினு பெட்டுக்குப் பக்கத்துல குந்திக்கினு இருந்தோம். கூலியா கேட்டோம்? திடீர்னு, சொந்தக்காரங்களுக்கு மட்டும்தான் பாஸு, மத்தவங்க வெளிய நில்லுன்னுட்டாங்க. அன்னிலேர்ந்து கேட்லயே நிக்கறோம். நீங்க ஒவ்வொரு மீட்டிங்குக்கும் சட்டைய மடிச்சி வுட்டுக்கினு போவீங்க. திரும்பி வந்து, டைம் பத்தல ஞானம்மா, அடுத்த தபா கண்டிப்பா பேசறேன்னுவீங்க. எனக்கு பத்திக்கினு வரும். எங்க விஷயம் மட்டும் எப்டி சார் கடைசில போயி நிக்குதுன்னு ஊரெல்லாம் உங்க தலைய உருட்டுனேன்.

அதான், நீங்க வுழுந்ததும் எல்லாரும் என்னயப் புடிச்சாங்க. நீதானே பெருசா பேசற, நீயே போன்னுட்டாங்க. போனேன். ஏசி ரூமு. சுத்தற நாக்காலி. நான் குந்துனதும் அது பாட்டுக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு, கலெக்டர் மேடத்துக்கு முதுகக் காட்டிக்கினு வணக்கம் சொல்றேன். சிரிக்காதீங்க சார், தையல் பிரிஞ்சிடும்.

கூட்டமைப்பு சார்பா நீங்களாம்மா, சுருக்கமா சொல்லுங்கன்னு மைக்க குடுத்தாங்க. நான் மனப்பாடம் பண்ணிக்கினு போனது பாஸு ஒண்ணுதான். பஸ்ல ஜன்னலப் பாத்துக்கினே சொல்லிச் சொல்லிப் பாத்தேன், பக்கத்துல குந்தினிருந்தவன் எழுந்து வேற சீட்டுக்கு போயிட்டான். சரின்னு வாயத் தொறக்கறேன், எதிர்க்க தணிகாசலம் குந்திக்கினு கீறாரு. திருப்பாச்சூர்ல ஏரிய பாத்துக்கற சங்கம் வச்சிகீறாரே, அவருதான். மதகு ஒடஞ்சி கீது, மழைக்குள்ள அடைக்கலன்னா நெல்லு போச்சுன்னு காலைல என் கையப் புடிச்சிக்கினு சொன்ன மனுசன். அவர வச்சிக்கினு என்னோடத எப்டி சார் மொதல்ல சொல்றது? மதகச் சொன்னேன். அவருக்கு அந்தாண்ட ஜெனிபரு. நம்ம மாவட்டத்து ஆரணில சாயங்காலம் புள்ளைங்களுக்கு பாடம் சொல்லிக் குடுக்குதே அந்தப் பொண்ணு. கட்டடத்த காலி பண்ணச் சொல்றாங்களாம், அழுவறமாதிரி என் மூஞ்சியே பாத்துக்கினு கீது. அதயும் சொன்னேன். அப்பால பொதட்டூர்பேட்டை தறிக்காரங்க சங்கத்து ஈஸ்வரி. ஒருத்தர வுட்டா இன்னொருத்தர் மொகம் வாடிப் போவுது சார். எல்லாத்தயும் சொன்னேன். மேடமும் நல்லா கேட்டுக்கினாங்க, மதகப் பாக்க ஆள் அனுப்பறேன்னு அங்கயே போன் போட்டாங்க. கடைசியா என்னோடதுன்னு ஆரம்பிக்கறேன், கடியாரத்தப் பாத்து, ரொம்ப நன்றிம்மான்னு மைக்க வாங்கிக்கினாங்க.

ஆமா சார். பாஸப் பத்தி ஒரு வார்த்த பேசல. அடுத்த தபாதான். ஐயே, கை தட்றீங்களா? ஒதை வாங்குவீங்க. வெளிய வந்து படிக்கட்டுல குந்திக்கினு அழுதுட்டேன். அப்பதான் தணிகாசலம் சொல்றாரு, ஸ்டீபன் சாரும் மீஞ்சூர்ல கண்ணு தெரியாதவங்களுக்கு ஒரு சங்கம் வச்சிகீறாரு, அது விஷயத்த இதுவரிக்கும் எந்த மீட்டிங்லயும் எடுத்ததே இல்லன்னு. எனக்கு சத்தியமா தெரியாது சார். இன்னா மனுசன் நீங்க! உங்கள அவ்ளோ பேசிட்டனேன்னு மனசு கேக்கல.

இருங்க, பக்கத்து பெட்டுல முழிச்சிக்கினான். தண்ணி குடுத்துட்டு வந்துடறேன்.

ஒடிசாக்காரன். கம்பெனில ப்ரெஸ் மெஷின்ல வலது கை போயிடிச்சி. ஊர்ல பொண்டாட்டியும் கைக்கொழந்தயும் கீதாம். ரெண்டு நாளா யாரும் வரல, டம்ளர புடிக்கத் தெரியாம சட்டையெல்லாம் ஊத்திக்கினு கெடந்திருக்கான்.

கேட்டாண்ட கையக் காட்டி இன்னா கேக்கறீங்க? பாஸ் இல்லாம எப்டி உள்ள வந்தனா? அதுவா. உங்க ஊட்டம்மா மவ பிரசவத்துக்கு துபாய் போய்கீறாங்க, அண்ணனுக்கு நான் ஒருத்திதான் தங்கச்சின்னு சொன்னேன். செக்யூரிட்டி பாஸ் எழுதிக் குடுத்துட்டான். மூஞ்சி ரெண்டும் ஒரே ஜாடையாம், அத்தத்தான் என்னால தாங்க முடியல.

ரொம்ப பூரிச்சிப் போவாதீங்க. உங்களுக்கு கஞ்சி குடுக்க மட்டும் வரல. அவனுக்கு தங்கச்சின்னா எவன் நம்புவான்? உங்க பாஸ்லதான் அவனயும் பாத்துக்கணும். அதனால நாளைக்கு டாக்டரு வந்து, ஊட்டுக்குப் போறீங்களான்னு கேட்டா, வலிக்குதுன்னு தாடையப் புடிச்சிக்குங்க. அவன் எழுந்து நடக்கற வரைக்கும் நீங்க இந்த பெட்ட வுட்டு எறங்கக் கூடாது. எங்களுக்காக நீங்க ஒண்ணும் பேச வேணாம் சார், படுத்துக்கினு இருந்தா போதும்.

தோ, செக்யூரிட்டி வர்றான். கஞ்சிய குடிண்ணா.